மூட்டு ஜவ்வு கிழிந்ததா? மலையில் இருந்தபடியே காலையும் மனசையும் சேர்த்துப் பழக்குவது எப்படி

எங்கள் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு 43 கல்படி. கோத்தகிரி பக்கம் சரிவில் வீடு கட்டிய எல்லோருக்கும் இப்படி ஒரு எண் இருக்கும். போன வருஷம் அக்டோபர் மழையில், டீ ஃபேக்டரி லாரிக்கு நேரமாகிவிட்டது என்று பச்சைத் தேயிலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். கீழிருந்து 17-வது படிக் கல் ஆடியது. வலது பாதம் கல்லோடு நின்றுவிட்டது, உடம்பு மூட்டையோடு திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு ஸ்கேன், ஆபரேஷன், இன்சூரன்ஸ் சண்டை, பிசியோதெரபி என்று அலைந்து இப்போது பத்தாவது மாதம். எந்தக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும், காசு எங்கே ஓடும், கீழே இருக்கிற பிசியோவை மேலே இருந்துகொண்டு எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். முக்கியமாக, கட்டிலில் கிடந்தபடி மனசுக்குள் செய்கிற பயிற்சியான மன ஒத்திகையைப் பற்றி. அதைக் கேட்டபோது நான் சிரித்தேன். பிறகு அதை நம்பித்தான் குளிர்காலத்தைத் தாண்டினேன்.

நான் டாக்டர் இல்லை. இதில் உள்ள எதுவும் உங்கள் சர்ஜனும் பிசியோவும் சொல்வதற்கு மாறாக இருந்தால் அவர்கள் பேச்சையே கேளுங்கள்.

1. முதல் இரண்டு நாள்: யாரையும் நீவ விடாதீர்கள்

விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கினால் அது வெறும் சுளுக்கு இல்லை, உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஜவ்வு கிழிந்ததற்கு அது முக்கியமான அறிகுறி. எங்கள் ஊரில் இந்த நிலையில் முதலில் வருவது டாக்டர் இல்லை, எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு பெரியப்பா. அன்போடுதான் வருவார். எனக்கும் வந்தார். நீவிவிட்ட அன்று ராத்திரி வீக்கம் இரண்டு பங்கு.

காலை நீட்டி, இதயத்துக்கு மேலே வருகிற மாதிரி உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிஷம். "இந்தக் குளிரில் ஐஸா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஆமாம், ஐஸ்தான். வீக்கம் இருக்கும்போது வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். கீழ்நாட்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உறையவைக்கச் சொல்வார்கள். நீலகிரியில் அந்த பாட்டிலுக்கே தடை. உரித்த பச்சைப் பட்டாணியை ஒரு பையில் கட்டி உறையவையுங்கள். முட்டி வடிவத்துக்கு அதுவே நன்றாக வளையும். அந்தப் பட்டாணியைக் குருமாவுக்கு எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

2. 'ஜவ்வு' என்றால் எது என்று எழுதி வாங்குங்கள்

தமிழில் நாம் எல்லாவற்றையும் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறோம். டாக்டர்களும் நமக்குப் புரியட்டும் என்று அப்படியே சொல்கிறார்கள். ஆனால் முட்டிக்குள் இரண்டு வேறு சமாச்சாரம் இருக்கிறது. எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு லிகமென்ட். அதில் நடுவில் குறுக்காக ஓடுவதுதான் ஏசிஎல். இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருப்பது மெனிஸ்கஸ். இரண்டில் எது கிழிந்தது, கிழிந்ததைத் தைத்தார்களா, வெட்டி எடுத்தார்களா என்பதைப் பொறுத்து எப்போது காலை ஊன்றலாம், எவ்வளவு மடக்கலாம் என்பதே மாறிவிடும். மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் சில வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று சொல்வது சாதாரணம். இது தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் செய்த பயிற்சியைப் பார்த்துச் செய்தால் தையல் போய்விடும்.

ஆகவே எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் மூன்று கேள்வி: எது கிழிந்தது? முழுசாகவா, பாதியா? ஆபரேஷன் இல்லாமல் பயிற்சியால் சமாளிக்க முடியுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எல்லா ஏசிஎல் கிழிசலுக்கும் ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. என் விஷயத்தில், மூட்டையோடு சரிவில் ஏறி இறங்குகிற வேலை, நடக்கும்போது முட்டி நழுவுகிறது, அதனால் செய்துகொண்டேன்.

3. கோப்பு: இதில்தான் நான் பணத்தை விட்டேன்

முதல் நாள் ஓபி சீட்டில் 'முட்டி வலி' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எந்தத் தேதியில், எப்படி விழுந்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் எடுத்திருந்த பாலிசிக்கு அப்போது ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. மூட்டு, ஜவ்வு சம்பந்தமான சிகிச்சைக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருஷக் காத்திருப்பு உண்டு. விபத்தினால் என்றால் அந்தக் காத்திருப்பு கிடையாது. விபத்து என்று காட்ட என்னிடம் காகிதம் இல்லை. இரண்டு மாதம் கடிதம் எழுதி, டாக்டரிடம் போய்த் திருத்தி வாங்கி, பிறகுதான் கிடைத்தது.

முதல் நாளே சீட்டில் இந்த ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள்: இன்ன தேதி, இன்ன இடத்தில் படியில் வழுக்கி விழுந்ததில் முழங்கால் திருகியது.

கோப்பில் இருக்க வேண்டியவை: அந்த ஓபி சீட்டு. எம்ஆர்ஐ ரிப்போர்ட், கூடவே சிடி (ரிப்போர்ட் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், சிடியைக் கேட்டு வாங்குங்கள்). டிஸ்சார்ஜ் சம்மரி. ஆபரேஷன் குறிப்பு, அது தனிக் காகிதம், கேட்டால்தான் தருவார்கள். உள்ளே வைத்த ஸ்க்ரூ, பட்டன் (புதுத் தசைநாரை எலும்போடு பிடித்துவைப்பவை) ஆகியவற்றின் ஸ்டிக்கர். ஒவ்வொரு பில்லும், பணம் கட்டிய ரசீதும்.

இன்னொரு வரியும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பிசியோதெரபி, வாரம் இத்தனை முறை, இத்தனை வாரம்' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். என்னுடையதில் 'பயிற்சி செய்யவும்' என்று இருந்தது. பெரும்பாலான பாலிசிகள் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரையான செலவை ஏற்கும், டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோ உட்பட. எழுதாத பிசியோவுக்கு ஏற்காது. அந்த ஒரு வரி இல்லாததால் எனக்கு 7,000 ரூபாய் போனது.

எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள். மழைக்காலத்தில் இங்கே காகிதம் பூஞ்சை பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

4. பணம்

என் ரசீதுகளில் உள்ள கணக்கு இது. உங்கள் ஊரில், உங்கள் ஆஸ்பத்திரியில் மாறும். கோவையில் தனியார் எம்ஆர்ஐ 6,500. ஆபரேஷன், அறை, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 1,85,000. முழங்கால் பிரேஸ் 3,800. ஊன்றுகோல் ஒரு ஜோடி 1,100. பிசியோ ஒரு தடவைக்கு 500. கோத்தகிரியிலிருந்து கோவை போய்வர டாக்ஸி 3,800. கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள். வாரம் இரண்டு தடவை டாக்ஸியில் போனால் பிசியோவுக்குக் கொடுப்பதைப் போல ஏழு பங்குக்கு மேல் டாக்ஸிக்குப் போகும். மலைக்காரனுக்குப் பிசியோ எட்டாக்கனியாவது இந்த இடத்தில்தான்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று தேவை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அடிபட்ட பிறகு அதற்கு ஓடினால் தாமதம்தான், அட்டை முன்பே கையில் இருப்பது நல்லது. அட்மிட் ஆவதற்கு முன் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள்: இந்த ஆபரேஷன் திட்டத்தில் வருமா, இந்த ஆஸ்பத்திரியில் வருமா? இரண்டும் தனித்தனிக் கேள்வி.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் சிகிச்சை மட்டுமில்லை, தகுதி இருந்தால் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஈஎஸ்ஐ டாக்டரின் சான்று வேண்டும். தனியார் டாக்டர் எழுதிய லீவு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

நடமாட முடியாதவர்களுக்கு இன்னொரு வழி. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவையுங்கள். தினமும் வர மாட்டார்கள். ஆனாலும் வருகிறவர் செய்வது சரியா தப்பா என்று பார்த்துச் சொல்லுவார்.

5. ஆபரேஷனுக்கு முன்பே பிசியோவைப் பாருங்கள்

வீக்கம் வடிந்து, கால் முழுசாக நீட்ட வந்த பிறகே ஆபரேஷன் செய்தால் பிற்பாடு முட்டி விறைத்துப்போவது குறையும். எனக்கு ஐந்து வாரம் பொறுத்தார்கள். அந்த ஐந்து வாரம் சும்மா இருக்கிற வாரம் இல்லை. தொடைத் தசையைத் தயார் பண்ணவும், மன ஒத்திகையைக் கற்றுக்கொள்ளவும் அதுதான் நேரம். ஆபரேஷன் ஆன மறுநாள் வலியில், மயக்க மருந்து மப்பில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

பிசியோவிடம் உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். சமவெளியில் இருக்கிறவர்களுக்குப் படி என்றால் மாடிப்படி, ஒரே உயரம், பக்கத்தில் கைப்பிடி. என் போனில் எங்கள் 43 படியையும் வீடியோ எடுத்துக் காட்டினேன். ஒரு படி அரை அடி, அடுத்தது ஒன்றேகால் அடி, நடுவில் பாசி. பார்த்த பிசியோ மேடம், "அண்ணா, இது படியா, இல்ல பாறையா?" என்றார். அன்றைக்கே என் பயிற்சி அட்டவணையை மாற்றி எழுதினார்.

6. மலைப்பாதைப் பயணம்

ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் மலைப்பாதையில் மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்கார்வது வலி மட்டுமில்லை, காலில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கி நாலு எட்டு வையுங்கள்.

பஸ் என்றால்: வலது கால் அடிபட்டிருந்தால் படிக்கட்டுப் பக்க வரிசையில் நடைபாதையை ஒட்டிய சீட். இடது கால் என்றால் டிரைவர் பக்க வரிசையில் நடைபாதையை ஒட்டிய சீட். அடிபட்ட காலை நடைபாதையில் நீட்டிக்கொள்ளலாம். கண்டக்டர் முணுமுணுப்பார். பிரேஸைப் பார்த்ததும் விட்டுவிடுவார்.

கோவையிலிருந்து சொந்தக்காரர் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார் என்றால் அந்த வண்டிக்கு நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். நீலகிரியில் பதிவான நம் டிஎன் 43 வண்டிகளுக்கு வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆன அன்று செக்போஸ்ட்டில் காலை மடக்கிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தது எனக்குத்தான் தெரியும்.

நான் வாரம் இரண்டு தடவை போவதை மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்றாகக் குறைத்தேன். நடுவில் ஒரு நாள் வீடியோ கால். மற்ற நாட்களில் நானும் என் தொடையும்தான்.

7. மன ஒத்திகை: முதல் பாடம் தொடை

ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள். காலை நீட்டி, முட்டியைக் கட்டிலில் அழுத்தி, தொடையை இறுக்கச் சொன்னார்கள். இறுக்குகிறேன், முகம் சிவக்கிறது, பல்லைக் கடிக்கிறேன், தொடை பஞ்சு மாதிரி கிடக்கிறது. என் கால்தானா என்று பயமாகிவிட்டது. பிசியோ மேடம் சொன்னார்: "அண்ணா, கால் தூங்கல. கால்கிட்ட பேசற ஆள்தான் பேச்சை நிறுத்திட்டாரு."

விஷயம் இதுதான். முட்டிக்குள் வீக்கம் இருந்தால் அங்கிருந்து போகும் சேதி, முன்தொடைத் தசைக்கு வரும் கட்டளையை அடக்கிவிடுகிறது. தசையில் கோளாறு இல்லை, கட்டளைதான் வரவில்லை. ஓர் அசைவை மனசுக்குள் உணர்ந்து செய்யும்போது, அந்த அசைவைத் திட்டமிடுகிற மூளைப் பகுதிகள் நிஜமாகச் செய்யும்போது போலவே பெருமளவு வேலை செய்கின்றன. கட்டளை போகிற தடத்தில் புல் முளைக்காமல் பார்த்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நம்பாமல் கேட்டதற்கு அவர் இரண்டு ஆராய்ச்சி சொன்னார். 1992-இல் யூ, கோல் என்ற இருவர் சுண்டுவிரல் தசையை வைத்துச் செய்தது: நான்கு வாரம் நிஜமாகப் பயிற்சி செய்தவர்களுக்கு வலு 30 சதவீதம் கூடியது. மனசுக்குள் மட்டும் செய்தவர்களுக்கு 22 சதவீதம். அது ஆரோக்கியமான விரல், முட்டி இல்லை. முட்டிக்கு 2001-இல் ஒன்று: ஏசிஎல் ஆபரேஷன் ஆன 30 பேர். பிசியோவோடு தளர்வுப் பயிற்சியும் மனக்காட்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 24-வது வாரத்தில் முட்டி வலு கூடுதல், வலியும் திரும்ப அடிபடுமோ என்ற பயமும் குறைவு. முப்பது பேர் என்பது சின்னக் கூட்டம்தான். இன்னொரு ஆய்வில் தசை இயக்கம் கூடியது, வலி குறையவில்லை. ஆகவே இது மாத்திரை இல்லை, பிசியோவுக்குப் பதிலும் இல்லை. செலவு இல்லாத கூடுதல் வேலை. எனக்கு அது போதும்.

செய்யும் முறை: நிஜப் பயிற்சி எந்த நிலையிலோ அதே நிலையில் இருங்கள். கால் நீட்டி, குதிகாலுக்குக் கீழே மட்டும் ஒரு துண்டுச் சுருள். (முட்டிக்குக் கீழே தலையணை வைக்கவே கூடாது. சுகமாக இருக்கும், குளிரில் கம்பளிச் சுருளை அங்கே செருகத் தோன்றும். வைத்தால் கால் நீட்ட வராமல் போய்விடும். இந்தத் தப்பை எல்லோரும் செய்கிறோம்.) ஐந்து முறை மெதுவாக மூச்சு விடுங்கள். முதலில் நல்ல காலை நிஜமாக இறுக்கி, அந்த உணர்வை மனசில் பிடித்துக்கொள்ளுங்கள்: முட்டிச் சிப்பி எலும்பு மேலே இழுபடுவது, தொடை கெட்டியாவது, குதிகால் லேசாகத் தூக்குவது. பிறகு அதே உணர்வை அடிபட்ட காலில் மனசால் மட்டும் ஓட்டுங்கள். ஐந்து எண்ணும் வரை இறுக்கம், ஐந்து எண்ணும் வரை தளர்ச்சி. அப்படி ஐந்து. அதற்குப் பிறகு நிஜமாகப் பத்து. மறுபடி மனசில் ஐந்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு வேளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

டிவியில் உங்களையே பார்ப்பது போல வெளியிலிருந்து பார்த்தால் பலன் குறைவு. உங்கள் கண்ணிலிருந்து, உங்கள் காலுக்குள்ளிருந்து. காட்சி மங்கலாக வந்தால் பரவாயில்லை, உணர்வு வருகிறதா என்று பாருங்கள். ராத்திரி கம்பளிக்குள் படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாவது தடவையில் குறட்டை. நான் அனுபவித்தது.

ஆறாம் நாள் காலை மனசில் ஐந்து முடித்துவிட்டு நிஜமாக இறுக்கினேன். தொடையில் ஒரு சின்னத் துடிப்பு, தண்ணீர்த் தொட்டியில் மீன் திரும்புகிற மாதிரி. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

8. உங்கள் படியை எழுதுங்கள்

ஊன்றுகோலை விட்டு நடக்க ஆரம்பித்ததும் அடுத்த கட்டம். பொதுவான 'கடற்கரையில் நடக்கிறேன்' மாதிரிக் கற்பனை எதற்கும் உதவாது. நீங்கள் திரும்பப் போகிற இடம் எதுவோ அதை எழுதுங்கள். எழுதி, உங்கள் குரலிலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள். நான் எழுதியதில் கொஞ்சம்:

"மேலே ரோட்டில் நிற்கிறேன். கம்பூட்டுக்குள் சாக்ஸ் கொஞ்சம் ஈரம். இடது கையில் பிடிமானத்துக்கு ஜிஐ பைப், ஜில்லென்று இருக்கிறது. சில்வர் ஓக் இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. 43. வலது காலைக் கீழே வைக்கிறேன். குதிகால் படுகிறது, கல் கெட்டி. இடது காலும் வந்துவிட்டது. 42..."

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஒத்திகையிலும் இந்த வரிசை மாறக் கூடாது. இரண்டாம் மாதக் கடைசியில் பிசியோ அனுமதித்த பிறகு ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி எழுதினேன். அப்போது வலது கால் ஒரு படியில் நின்று உடம்பை மெதுவாகக் கீழே விட வேண்டும். அதுதான் கஷ்டமான இடம். தொடை பிரேக் பிடித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கிறது, லோடு ஏற்றிய லாரி செகண்ட் கியரில் வளைவு இறங்குகிற மாதிரி. மலையில் நமக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைத் தின்னும். ஒத்திகையில் பாதி நேரத்தை இறக்கத்துக்குக் கொடுங்கள்.

கடிகாரம் வைத்துப் பாருங்கள். முதல் தடவை மனசுக்குள் 43 படியையும் 40 விநாடியில் இறங்கிவிட்டேன். நிஜத்தில் அப்போது எனக்கு இரண்டு நிமிஷம் 20 விநாடி ஆனது. மனசு தாவிக் குதித்து ஏமாற்றுகிறது என்று அர்த்தம். இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாகிற வரை மெதுவாக்குங்கள். நான் நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன்: மனசு எவ்வளவு, கால் எவ்வளவு. பிசியோவுக்கு அனுப்பியதில் அவருக்கு மிகவும் பிடித்த காகிதம் அதுதான்.

9. விழுந்த இடம் திரும்பத் திரும்ப வந்தால்

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 20, 19, 18 என்று நன்றாக வருவேன். 17 வந்ததும் கல் ஆடும். சத்தம் கேட்கும். கட்டிலில் படுத்திருந்தவனுக்கு உடம்பு தூக்கிப்போடும், முட்டி விறைக்கும். ஒரு வாரம் தினமும் இதேதான். அதாவது நான் தினமும் மூன்று வேளை விழுந்து பழகிக்கொண்டிருந்தேன்.

பிசியோவிடம் சொன்னதும் முதல் வேலையாக அந்தக் காட்சியை நிறுத்தச் சொன்னார். விழுகிற காட்சி வந்தால் கண்ணைத் திறந்துவிடுங்கள். அறையில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள், மூச்சு விடுங்கள். மறுபடி 17-லிருந்து தொடங்காமல் 21-லிருந்து தொடங்குங்கள். 18-இல் நின்று திரும்பி மேலே ஏறிவிடுங்கள். இரண்டு நாள் அப்படி. பிறகு 17-இல் பாதத்தை வைத்து, கல் ஆடுகிறதா என்று குச்சியால் தட்டிப் பார்த்து, பைப்பைப் பிடித்துக்கொண்டு தாண்டுங்கள். கல் ஆடாது என்று நடிக்க வேண்டாம், ஆடினாலும் சமாளிக்கிற மாதிரிப் பாருங்கள். பத்தாவது நாள் சத்தம் இல்லாமல் தாண்டினேன்.

அப்படியும் விழுந்த காட்சி தூக்கத்தில் வருகிறது, பயத்தில் வெளியே போகவே முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு அனுப்புவார்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

10. நாள் கணக்கு, இரண்டாம் மாத ஏமாற்று

ஓரளவு கணக்கு இது, உங்கள் சர்ஜன் மாற்றுவார். முதல் இரண்டு வாரத்துக்குள் காலை முழுசாக நீட்ட வர வேண்டும். மடக்குவதைவிட நீட்டுவதுதான் அவசரம். நொண்டாமல் நடக்கிற வரை ஊன்றுகோல். வலது கால் என்றால் வண்டி ஓட்ட டாக்டர் சொல்கிற வரை சாவியைத் தொட வேண்டாம், நம் வளைவுகளில் பிரேக் என்பது விளையாட்டில்லை. இந்தியக் கழிப்பறை இருந்தால் பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்று முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் மாதத்தில் வலி போய்விடும், நடை நன்றாகிவிடும். ஊரே "சரியாயிடுச்சே" என்று சொல்லும். அப்போதுதான் ஆபத்து. உள்ளே வைத்துத் தைத்த புதுத் தசைநார் ஆறு முதல் பன்னிரண்டு வாரக் காலத்தில் வலுக் குறைந்துதான் இருக்கும். வலி இல்லை என்பதால் தேயிலைச் செடி கவாத்து வெட்டப் போய் மறுபடி கிழித்துக்கொண்ட ஒருவரைக் காத்திருப்பு அறையில் பார்த்தேன்.

தையல்காரர் டேப்பால் முட்டிச் சிப்பிக்கு மேலே 10 செ.மீ. தூரத்தில் இரண்டு தொடையையும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். எனக்கு முதலில் 4 செ.மீ. வித்தியாசம், இப்போது ஒன்று. கபடி, வாலிபால், ஃபுட்பால் விளையாடுகிறவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்க வேண்டாம். மாதம் ஆனால் மட்டும் போதாது, அடிபட்ட காலின் வலு நல்ல காலின் வலுவில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

11. உடனே ஆஸ்பத்திரி

கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால். காய்ச்சலோடு தையலில் சிவப்போ சீழோ வந்தால். முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே வராவிட்டால். இதற்கெல்லாம் ஒத்திகையும் இல்லை, ஐஸும் இல்லை. மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சு வலிக்கும் நேராக 108. மழைக்காலத்தில் மண் சரிந்து கோவை ரோடு மூடியிருக்கலாம். மேலேயே எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்து, நகல் கோப்பு ஒன்றைக் கதவோரம் வையுங்கள்.

12. வேலைக்குத் திரும்பும்போது

முதலில் வெறுங்கையோடு படி, பிறகு ஐந்து கிலோ, பிறகு பத்து. ஒவ்வொரு எடைக்கும் முந்தின நாள் ராத்திரி ஒத்திகை, மறுநாள் நிஜம். காலை வெயில் வந்து படி காய்ந்த பிறகுதான். ஜனவரி உறைபனியில் கல்மேல் கண்ணாடி மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். எனக்கு இலை மூட்டையைத் தூக்க ஏழாம் மாதம் ஆனது. அதுவும் பாதி மூட்டை, இரண்டு நடை.

கடைசியாக ஒரு செலவு. 17-வது படிக் கல்லைச் சிமென்ட் போட்டுப் பதிக்கக் கொத்தனாருக்கு அரை நாள் கூலி 500, சிமென்ட்டும் மணலும் 300. நான் இதை ஆறாம் மாதத்தில் செய்தேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே யாரிடமாவது சொல்லிச் செய்துவிடுங்கள். பின்னால் செய்தால் கல் அரை அங்குலம் உயர்ந்துவிடும், மனசிலிருக்கிற படியும் காலடியில் இருக்கிற படியும் வேறாகி, போனில் பதிந்ததை நான் அழித்துவிட்டு மறுபடி பேசிப் பதிந்த மாதிரி நீங்களும் பதிய வேண்டிவரும்.